ஒரே மதிப்பெண், இரண்டு அட்டவணை

கெவின் ஹென்றி 1993 முதல் 2000 வரை பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். நஜே டேவன்போர்ட் கிரீன் பே பேக்கர்ஸ், ஸ்டீலர்ஸ் உள்ளிட்ட அணிகளுக்கு ஆடியவர். இருவரும் கறுப்பினத்தவர். பெயர்தான் கால்பந்தே ஒழிய, அந்த ஆட்டத்தில் காலுக்கு வேலை குறைவு. ஆளை ஆள் முட்டிச் சாய்ப்பதுதான் ஆட்டம். ஒரு வீரரின் தலை பத்து வருடத்தில் எத்தனை ஆயிரம் முறை குலுங்கியிருக்கும் என்று யாரும் எண்ணி வைப்பதில்லை.

ஓய்வுக்குப் பிறகு மறதி, தலைவலி, மனச்சோர்வு என்று அவதிப்பட்ட வீரர்கள் தேசியக் கால்பந்து லீக் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2015-ல் ஒரு சமரச உடன்பாட்டுக்கு ஃபிலடெல்ஃபியா கூட்டாட்சி நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அதன்படி, மூளை பாதிக்கப்பட்டதை நரம்பு உளவியல் சோதனைகளில் நிரூபித்தால் இழப்பீடு உண்டு. இதுவரை வழங்கப்பட்ட தொகை 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஓய்வுபெற்ற வீரர்கள் சுமார் 20,000 பேர், அதில் பாதிக்கும் மேல் கறுப்பினத்தவர்.

2020 ஆகஸ்டில் ஹென்றியும் டேவன்போர்ட்டும் மறுபடி நீதிமன்றம் போனார்கள். தங்கள் சோதனைத் தாள்களைத் திருத்தியபோது வெள்ளையருக்கு ஓர் அட்டவணையும் கறுப்பினத்தவருக்கு வேறோர் அட்டவணையும் பயன்படுத்தப்படுகின்றன, அதனால்தான் கறுப்பின வீரர்களின் கோரிக்கைகள் தள்ளுபடியாகின்றன என்பது அவர்களின் புகார்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நரம்பு உளவியல் சோதனை என்பது ஸ்கேன் மாதிரிப் படம் காட்டுவதில்லை. ஒரு சொல் பட்டியலை வாசித்துக் காட்டி, அரை மணி நேரம் கழித்து எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்பார்கள். எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வார்கள். கிடைக்கும் மதிப்பெண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. அவரைப் போன்ற ஆரோக்கியமான ஒருவர் சராசரியாக எவ்வளவு எடுப்பார் என்பதோடு ஒப்பிட்டால்தான் அவர் எவ்வளவு இழந்திருக்கிறார் என்று சொல்ல முடியும். அடிபடுவதற்கு முன் இதே ஆள் எவ்வளவு எடுத்திருப்பார் என்பதற்குப் பெரும்பாலும் பதிவே இருக்காது. ஆகவே எல்லாமே அந்த ஒப்பீட்டு அட்டவணையில்தான் நிற்கிறது.

உதாரணத்துக்கு நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வீரர்கள், ஒரே வயது, ஒரே படிப்பு, ஒரே சோதனையில் இருவருக்கும் 40 மதிப்பெண். வெள்ளையர் அட்டவணையில் சராசரி 50 என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை வீரர் 10 இழந்திருக்கிறார், அது டிமென்ஷியா எனும் மறதி நோய் என்று எழுதலாம். கறுப்பினத்தவர் அட்டவணையில் சராசரி 44 என்றால், கறுப்பின வீரர் இழந்தது வெறும் 4. அது சாதாரணம், போய்வாருங்கள். ஒருவருக்குப் பணமும் சிகிச்சையும், மற்றவருக்கு ஒரு மறுப்புக் கடிதம். அடிப்படையில் அந்த அட்டவணை சொல்வது இதுதான்: நீ ஆரம்பத்திலேயே குறைவான ஆள், ஆகவே நீ இழந்ததும் குறைவு.

இந்த அட்டவணையை உருவாக்கியவர்கள் கறுப்பினத்தவருக்குக் கெடுதல் நினைத்து உருவாக்கவில்லை. நேர் எதிர். முன்பெல்லாம் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட ஆரோக்கியமானவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். அவர்களோடு ஒப்பிட்டால், எந்தக் கோளாறும் இல்லாத கறுப்பின முதியவர்கள்கூட மூளை பாதிக்கப்பட்டவர்களாகத் தெரிந்தார்கள். இல்லாத வியாதியை அவர்கள் தலையில் கட்டாமல் இருக்கத்தான் தனி அட்டவணை வந்தது. 2004-ல் ராபர்ட் ஹீட்டனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட அட்டவணைகள் வயது, பாலினம், படித்த ஆண்டுகள், இனம் என்ற நான்கையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. வியாதி இல்லை என்று சொல்வது நோயாளிக்கு நல்லதாக இருக்கும் இடத்தில் அது உதவியது. இழப்பீட்டு அலுவலகத்தில் வியாதி இல்லை என்று சொன்னால் லாபம் யாருக்கு? அதே கருவி அங்கே ஆளைக் கவிழ்த்துவிட்டது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இரண்டு இனத்தின் சராசரிக்கும் ஏன் வித்தியாசம் வருகிறது? கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் மான்லி இதைத்தான் ஆராய்ந்தார். எத்தனை வருடம் படித்தார் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு நன்றாக வாசிக்கத் தெரிகிறது என்பதை அளந்து கணக்கில் சேர்த்தபோது, கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையிலான மதிப்பெண் வித்தியாசம் பெருமளவு சுருங்கியது. பத்தாம் வகுப்பு என்று இருவர் எழுதலாம், இருவர் படித்த பள்ளிகள் ஒன்றல்ல. நிறவாரியான தனிப்பள்ளிகள் சட்ட விரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-ல் தீர்ப்பளித்தது. தென் மாநிலங்கள் பலவற்றில் அது நடைமுறைக்கு வர அறுபதுகளின் கடைசி ஆகிவிட்டது. நல்ல பள்ளியைக் கொடுக்காத நாடு, பள்ளி சரியில்லாததால் குறைந்த மதிப்பெண்ணை இனத்தின் இயல்பு என்று அட்டவணையில் எழுதிக்கொண்டு, அதைக் காட்டியே இழப்பீட்டையும் மறுத்தது. இதைவிடச் சுருக்கமாக இனப் பாகுபாட்டை யாரும் எழுதிக் காட்டியதில்லை என்று நினைக்கிறேன்.

2021 மார்ச்சில் நீதிபதி அனிட்டா பிராடி அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஆனால் விஷயத்தை மத்தியஸ்தத்துக்கு அனுப்பினார். வீரர்களின் மனைவிமார் ஆயிரக்கணக்கான கையெழுத்துகளைத் திரட்டிக்கொண்டு நீதிமன்றத்துக்கே வந்தார்கள். ராத்திரி வழி தெரியாமல் வீட்டுக்குள்ளேயே அலையும் கணவனைக் கைபிடித்துக் கூட்டிவருகிறவர்கள் அவர்கள்தானே. எந்த மருத்துவரையும் இன அட்டவணையைப் பயன்படுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை என்று முதலில் சொன்ன லீக், 2021 ஜூனில் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. 2022 மார்ச்சில் புதிய ஏற்பாட்டுக்கு நீதிமன்ற ஒப்புதலும் கிடைத்தது.

சரி, இவர்கள் பிரபலமானவர்கள். வழக்கறிஞர் உண்டு, பத்திரிகைகள் எழுதின. சாலை விபத்தில் தலையில் அடிபட்ட ஒரு லாரி ஓட்டுநருக்கு, ஏணியிலிருந்து விழுந்த கட்டடத் தொழிலாளிக்கு என்ன நடக்கிறது? அமெரிக்காவில் 2021-ல் மட்டும் மூளைக்காயம் தொடர்பாக 69,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாளொன்றுக்குச் சுமார் 190 பேர். இறப்பு விகிதத்திலும் மருத்துவமனையில் சேர்க்கப்படும் விகிதத்திலும் எல்லா இனத்தாரையும் விட முன்னால் இருப்பவர்கள் அமெரிக்கப் பூர்வகுடிகள். பிழைத்தவர்களில் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழிவந்த ஹிஸ்பானியரும் தொடர் சிகிச்சையும் மறுவாழ்வுப் பயிற்சியும் பெறுவது வெள்ளையரைவிடக் குறைவு, வேலைக்குத் திரும்புவதும் குறைவு. அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே இதைச் சொல்கிறது. இங்கே யாரும் இரண்டு அட்டவணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் விளைவு அதே மாதிரிதான் வருகிறது.

மூளைக்காயத்தில் முதல் அடி அரை நொடியில் முடிந்துவிடும். அடுத்த சில மணி நேரங்களில் மூளை வீங்குவதும், ரத்தம் கசிந்து அழுத்துவதும், ஆக்சிஜன் குறைவதும், ரத்த அழுத்தம் சரிவதும்தான் இரண்டாவது காயம். முதலாவதை மருத்துவர் தடுக்க முடியாது, இரண்டாவதைத் தடுக்கலாம். அதனால் தூரம் முக்கியமாகிறது.

சிகாகோவின் தெற்குப் பகுதி பெரும்பாலும் கறுப்பினத்தவர் வசிக்கும் இடம். துப்பாக்கிக் காயங்கள் அதிகம் வரும் பகுதிகளில் அதுவும் ஒன்று. சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனை 1988-ல் பெரியவர்களுக்கான விபத்துக்காயச் சிகிச்சையை நிறுத்தியது. மைக்கேல் ரீஸ் மருத்துவமனை 1991-ல் நிறுத்தியது. காப்பீடு இல்லாத காயக்காரர்களால் நஷ்டம் என்பதுதான் அந்தக் காலத்தில் மருத்துவமனைகள் விலகியதற்குப் பெரிய காரணம். 2010-ல் 18 வயது இளைஞர் ஒருவர், பல்கலைக்கழக மருத்துவமனையிலிருந்து சில தெருக்கள் தள்ளிச் சுடப்பட்டார். அவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் கிட்டத்தட்ட பத்து மைல் தள்ளியிருந்த வேறு மருத்துவமனைக்கு ஓடியது. அவர் பிழைக்கவில்லை. அந்த வட்டாரத்து இளைஞர்கள் அதற்குப் பிறகு விடவில்லை. ஊர்வலம், மறியல், கைது என்று வருடக்கணக்கில் போராடினார்கள். 2018 மே 1 அன்று அந்த மருத்துவமனையில் பெரியவர்களுக்கான முதல்நிலை விபத்துக்காய மையம், அதாவது மிகப் பலத்த காயங்களையும் கையாளும் உயர்மட்ட மையம், திறந்தது. மைக்கேல் ரீஸும் நிறுத்திய 1991-லிருந்து எண்ணினால், நடுவில் போனது 27 வருடம்.

நியூ மெக்சிகோ உள்ளிட்ட மாநிலங்களில் பரவிக் கிடக்கும் நவஹோ பூர்வகுடிகளின் நிலப்பரப்பு சுமார் 70,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். நியூ மெக்சிகோ மாநிலம் முழுமைக்கும் உள்ள ஒரே முதல்நிலை விபத்துக்காய மையம் ஆல்புகர்க்கி நகரில். தலையில் பலமாக அடிபட்டால் பல நேரங்களில் விமானத்தில்தான் கொண்டுபோக வேண்டும். பூர்வகுடிகளுக்கான அரசு சுகாதாரச் சேவைக்கு ஒதுக்கும் பணம் எப்போதும் போதுவதில்லை. வெளி மருத்துவமனைக்கு அனுப்புவதற்கான நிதி, செப்டம்பரில் நிதியாண்டு முடிவதற்குள் பல வருடங்களில் தீர்ந்துபோயிருக்கிறது. 'ஜூனுக்கு அப்புறம் நோய் வராமல் பார்த்துக்கொள்' என்பது அவர்களிடையே வழங்கும் பேச்சு.

மருத்துவமனைக்குள் வந்துவிட்டால் கருவிகள் பாகுபாடு பார்க்காது என்று நம்பத் தோன்றும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் தோல் வழியே ஒளியைச் செலுத்தி ஆக்சிஜனை அளக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், கருவி நல்ல அளவு காட்டியபோதும் ரத்தத்தில் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தது கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். மூளைக்காயத்தில் ஆக்சிஜன் குறைவு என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். அப்புறம், வலிப்பைக் கண்டுபிடிக்க, மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யத் தலையில் ஒட்டும் இஇஜி மின்முனைகள் அடர்ந்த சுருட்டை முடியில் சரியாக ஒட்டுவதில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆர்னெல் எட்டியென் என்ற மாணவி, முடியைச் சோளக்கொல்லையின் வரிசைகள் மாதிரி வரிவரியாகப் பின்னி அந்த இடைவெளியில் பொருந்தும் புதிய மின்முனையை வடிவமைத்தார். அப்படிப் பின்னிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவருக்குத்தானே அது தோன்றும்.

மயக்கம் தெளியும்போது மூளைக்காய நோயாளிகள் பலர் திமிறுவார்கள், கத்துவார்கள், குழாயைப் பிடுங்குவார்கள். அது குணமாகும் வழியில் வரும் ஒரு கட்டம், கெட்ட குணமல்ல. ஆனால் அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் கறுப்பின நோயாளிகள் கட்டிலோடு கட்டப்படுவது வெள்ளையரைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஒருவர் திமிறினால் மூளை குழம்பியிருக்கிறது, இன்னொருவர் திமிறினால் முரட்டு ஆள். இந்த ஒரு சொல் நோயாளிக் குறிப்பில் ஏறிவிட்டால் அடுத்த இடம் கிடைப்பதே கஷ்டம்.

அந்த அடுத்த இடம்தான் எனக்கு இந்த விஷயத்தின் நடுப்புள்ளியாகத் தோன்றுகிறது. அமெரிக்காவில் 1986-ல் ஒரு சட்டம் வந்தது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் யாரையும், பணம் இருக்கிறதா என்று பார்க்காமல், ஆபத்தான நிலையிலிருந்து மீட்டாக வேண்டும். ரொம்ப நல்ல சட்டம். ஆனால் அது நோயாளியின் நிலை சீராவதோடு முடிந்துவிடுகிறது. மூளைக்காயத்தில் உயிர் பிழைப்பது பாதிக் கிணறு. நடக்க, விழுங்க, பேச, கோபத்தை அடக்க, சட்டை பொத்தானைப் போட மறுபடி கற்றுக்கொள்வதில்தான் மீதி வாழ்க்கை இருக்கிறது. அதற்குச் சட்டப்படி யாரும் பொறுப்பில்லை.

தீவிர சிகிச்சை முடிந்ததும் நோயாளி மூன்றில் ஓர் இடத்துக்குப் போவார். முதலாவது, உள்நோயாளி மறுவாழ்வு மருத்துவமனை. பொதுவான கணக்கு தினம் மூன்று மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் தீவிரப் பயிற்சி. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைப் பயிற்சி எல்லாம் உண்டு, மறுவாழ்வு மருத்துவர் வாரம் மூன்று தடவையாவது பார்க்க வேண்டும். இரண்டாவது, நர்சிங் ஹோம். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன தனியார் ஆஸ்பத்திரி. அங்கே அது பெரும்பாலும் முதியவர்களைப் படுக்கவைத்துப் பராமரிக்கும் இடம். முதல் 90 நாட்களில் மருத்துவர் 30 நாளுக்கு ஒருமுறை பார்த்தால் விதி நிறைவேறிவிடும். 22 வயதுப் பையன் 80 வயதுக்காரர்களுக்கு நடுவில் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு கிடப்பான், மூளை சீராக வேண்டிய மாதங்கள் போய்க்கொண்டிருக்கும். மூன்றாவது, நேரே வீடு.

யார் எங்கே போவது என்பதில் மருத்துவரின் கருத்து மட்டும் போதாது. வார்டில் இருக்கும் ஒருங்கிணைப்பாளர் மறுவாழ்வு மருத்துவமனைகளுக்குப் போன் போடுவார். என்ன காப்பீடு என்பதும், இங்கிருந்து அனுப்பும்போது வீட்டில் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்பதும் அங்கே முதலில் எழும் கேள்விகளில் சேர்ந்தவை. வேலையை விட்டுவிட்டு மகன் பக்கத்தில் உட்காரும் வசதி எந்தத் தாய்க்கு இருக்கும்? 2022 கணக்கில் சொத்து வரிசையின் சரிநடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர், அதே இடத்தில் நிற்கும் கறுப்பினக் குடும்பத்தின் சொத்து 44,900 டாலர். கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான், அதற்குப் பதில் சொல்லும் சக்தி ஒன்றாக இல்லை.

தேசிய விபத்துக்காயப் பதிவேட்டை வைத்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வு, காயத்தின் தீவிரம், காப்பீடு போன்றவற்றைச் சமன்செய்து பார்த்த பிறகும், மூளைக்காயம் பட்ட சிறுபான்மை இனத்தவருக்கு மறுவாழ்வு மருத்துவமனை கிடைக்கும் வாய்ப்பு சுமார் 15 சதவீதம் குறைவு என்று கண்டது. 2005 முதல் 2010 வரையிலான மருத்துவமனைத் தரவுகளை அலசிய இன்னோர் ஆய்வு, காப்பீடு இருக்கும் கறுப்பினத்தவரைக் காப்பீடு இருக்கும் வெள்ளையரோடு ஒப்பிட்டது. அங்கேயும் வித்தியாசம் இருந்தது. இதெல்லாம் ஏழை-பணக்காரன் பிரச்சினை, இனம் இதில் இல்லை என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

பணத்தின் பங்கு பெரியதுதான், மறுக்கவில்லை. வேலை செய்யும் வயதுள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் காப்பீடு வேலையோடு வருகிறது. மூளைக்காயம் வேலையைப் பறிக்கும், வேலை போனால் காப்பீடும் போகும். அரசின் ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும். அது தொடங்கிய பிறகு மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டுக்கு இன்னும் 24 மாதம். மூளை வேகமாகத் தேறக்கூடிய காலம் முழுக்கக் காத்திருப்பிலேயே போய்விடுகிறது. ஏழைகளுக்கான மெடிக்கெய்டு திட்டத்தை விரிவாக்குவதை மாநிலங்கள் விருப்பம்போல் செய்யலாம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டெக்சஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி போன்ற மாநிலங்கள் இன்றுவரை அதை ஏற்கவில்லை. கறுப்பினத்தவரோ ஹிஸ்பானியரோ அதிகம் வாழும் மாநிலங்கள் இவை.

பணத் தடையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்து ஒரு சாட்சி. அங்கே 1974 முதல் விபத்து இழப்பீட்டுக் கழகம் இயங்குகிறது. யார் தவறு என்று கேட்காமல், சுற்றுலாப் பயணி உட்பட எல்லோருடைய விபத்துக் காயத்துக்கும் சிகிச்சை. ஹாமில்டன், வைகாட்டோ பகுதிகளில் 2010-11-ல் நடத்திய கணக்கெடுப்பில் லட்சம் பேருக்கு 790 மூளைக்காயம், அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கு லேசான மூளைக்காயத்தின் ஆபத்து 23 சதவீதம் அதிகம். அப்படியிருந்தும் கழகத்தின் உதவியைக் கேட்டு வருவதில் மாவோரிகள் பின்தங்கியே இருக்கிறார்கள். மாவோரி மனநல மருத்துவர் ஹினெமோவா எல்டர் இதற்கு வேறு கோணம் தருகிறார். அவர் மக்களுக்குத் தலை புனிதமானது. அதில் அடிபட்டால் மூளையோடு 'வைருவா' என்ற ஆன்மாவும், அந்த ஆளைச் சுற்றியுள்ள குடும்பமும் சேர்ந்தே காயப்படுகின்றன. நோயாளியை மட்டும் தனியறையில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தால் குடும்பம் அந்நியப்பட்டுத் திரும்பிவிடும், அடுத்த முறை வராது. கதவைத் திறந்து வைத்தால் போதாது, உள்ளே தங்களை மதிக்கிற ஒருவர் இருக்கிறார் என்று வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கால்பந்து வீரர்களுக்குத் திரும்புவோம். 2022-ல் இன அட்டவணையை நீக்கிப் பழைய தாள்களை மறுபடி மதிப்பிட்டார்கள். புதிதாக யாரையும் உட்காரவைத்து எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லவில்லை. அதே விடை, அதே மதிப்பெண், அட்டவணை மட்டும் வேறு. முதல் தொகுப்பில் 646 கறுப்பின வீரர்களின் தாள்கள் இருந்தன. அவர்களில் 61 பேர் டிமென்ஷியா இழப்பீட்டுக்குத் தகுதி பெற்றார்கள். கிட்டத்தட்ட 250 பேருக்கு ஆரம்பநிலை பாதிப்பு இருப்பதாக ஒத்துக்கொண்டு, மேற்கொண்டு பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் பணம் ஒதுக்கப்பட்டது.